கொட்டாங்குச்சியும் கண்ணாடி கிளாசும்: கள்ளுக்கடையில் நம் ஆட்கள் எங்கே உட்கார்ந்தார்கள்?

கள் உணவா போதையா என்று இணையத்தில் தம்பிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு வாரத்தில்தான் பெரியப்பா கேட்டார்: "சாவறதுக்குள்ள ஒரு தபா கள்ளு குடிக்கணும்ப்பா. இட்டுகினு போறியா?"

அவர் எனக்குச் சொந்தப் பெரியப்பா இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலைக்கு உள்ளே இருக்கும் ஒரு சேரியில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. எழுபது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா மிராசுதார் வீட்டுப் படியாள். இவர் மறைமலை நகர் துணை நகரமாக எழுந்தபோது மண் சுமந்தவர். மகன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று தலைமுறையையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசலாம்.

தமிழ்நாட்டில் கள் இறக்கினால் வழக்கு. புதுச்சேரியில் அரசே கள்ளுக்கடைகளை ஏலம் விடுகிறது. ஆகவே பஸ் ஏறினோம். வில்லியனூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் கீற்றுக் கொட்டகை. உள்ளே மர பெஞ்சுகள், அவித்த முட்டை, நெத்திலி வறுவல், சுண்டல். புளித்த வாடை வாசலிலேயே வந்து நம்மைக் கூப்பிடும். நான் குடிப்பதில்லை, ஒரு சோடாவோடு உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு கண்ணாடி கிளாசை நிரப்பிப் பெரியப்பா முன்னால் வைத்தார்.

பெரியப்பா அதைத் தொடவில்லை. பக்கத்து பெஞ்சைப் பார்த்தார், அதற்கடுத்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு என் காதோரம் கேட்டார்: "எல்லாருக்கும் இதே கிளாஸ்தானா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-ல் கள்ளுக்கடைகள் திறந்தன, 1987 ஜனவரி 1-ஆம் தேதியோடு மூடப்பட்டன. அந்த ஐந்தரை வருடக் கடைதான் பெரியப்பாவின் நினைவில் இருப்பது. பனந்தோப்பில் கொட்டகை. ஊர்க்காரர்கள் உள்ளே பலகையில். சேரிக்காரர்கள் பின்பக்கம், மரத்தடியில். "நமக்குக் கொட்டாங்குச்சி. இல்லன்னா ஓலைப் பட்டை. மேல இருந்து ஊத்துவான், கை படக்கூடாது. நல்ல கள்ளு முன்னாடி பூடும், தண்ணி ஊத்துனது பின்னாடி வரும். காசு மட்டும் ஒரே காசு."

எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். வேறு பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். இருட்டிய பிறகு ஊரும் சேரியும் ஒன்றாக உட்கார்ந்த ஒரே இடம் கள்ளுக்கடைதான் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். கோயிலிலும் கிணற்றிலும் கலக்கவே முடியாத இரண்டு தெருக்கள் கலந்துவிடக்கூடிய இடம் என்பதால்தான், சில ஊர்களில் அங்கே பாத்திரத்தைக் கொண்டு கோடு கிழித்தார்கள். டீக்கடை இரட்டை டம்ளர் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கள்ளுக்கடைக் கொட்டாங்குச்சி பற்றி அவ்வளவு பேசவில்லை. குடியைப் பற்றிப் பேசினாலே 'உங்க ஆளுங்கதான் குடிக்கிறாங்க' என்ற வசை வந்து விழும் என்ற கூச்சம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த வசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளும் சாராயமும் கஜானாவுக்குள் வந்தன. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மரம் ஏறுவது முதல் மொந்தையில் ஊற்றுவது வரை எல்லாவற்றையும் அரசின் உரிமத்துக்குக் கீழே கொண்டுவந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி. கடைக்கு ஏலம். ஏலம் எடுக்கப் பணம் வேண்டும். பணம் இருந்தவன் எடுத்தான். மரம் ஏறியவன் கிராமணியாகவோ நாடாராகவோ இருப்பான். குடித்தவர்களில் பெரும் பங்கு கூலிக்காரர்கள். 1930-களில் சென்னை மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த வழியாக வந்தது. நம் பாட்டன் கொட்டாங்குச்சியில் குடித்த கள்ளின் காசு கலெக்டர் ஆபீஸ் வரை போனது. அவன் மட்டும் கடையின் பின்பக்கத்தைத் தாண்டவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் படியாளின் நிலை என்ன என்பதற்கு அரசின் ஆவணமே சாட்சி. கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையில், பறையர்கள் குடியிருக்கும் மனை கூட மிராசுதார் கையில் இருப்பதையும், அதைக் காட்டியே அவர்கள் மிரட்டப்படுவதையும் பதிவு செய்தார். பஞ்சமி நிலம் அங்கிருந்துதான் வந்தது. இதே மாவட்டத்தின் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலை, கிணறு, பொது இடம் எதிலும் நம்மைத் தடுக்கக்கூடாது என்று 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு உரிமம் வாங்கி, அரசுக்கு ஏலப்பணம் கட்டி நடந்த கடை பொது இடம் இல்லையென்றால் வேறு எது பொது இடம்?

தேசிய இயக்கம் கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்தது 1921 வாக்கில். காங்கிரசில் இருந்த பெரியார் தன் தோப்பில் இருந்த தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் மறியலில் நின்றார்கள். (அதே பெரியார் பிற்காலத்தில் மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தார் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) காந்தி அரிஜனங்களிடம் குடியை விடச் சொன்னார். நல்ல அறிவுரைதான். ஆனால் குடியை விட்டுச் சுத்தமானால் தீண்டாமை போகும் என்கிற தொனி அதில் இருந்தது. குடிக்காத பறையனையும் ஊர்க் கிணற்றில் விடவில்லையே!

ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. அதே 1939-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பேசிய அம்பேத்கர், மதுவிலக்குக்காக வருமானத்தை இழப்பதைக் கேள்வி கேட்டார். கல்விக்குப் பணம் இல்லாத நாட்டில் இதுதானா முதல் வேலை என்பது அவர் வாதம். அவர் குடிக்கு ஆதரவானவர் இல்லை. 1956-ல் நாக்பூரில் மக்களோடு எடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அயோத்திதாசர் நமக்கு நினைவூட்டிய பஞ்சசீலத்தில் ஐந்தாவதும் அதுதான். நாமே முடிவு செய்து குடியை விடுவது வேறு, லத்தியைக் கொண்டு அரசு விடவைப்பது வேறு. இந்த வேறுபாட்டை இளம் தோழர்கள் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் மதுவிலக்கை எதிர்த்துப் பேசியதும் இங்கே சேரும்: அரிசிக் கள் எங்கள் சடங்கின் பகுதி, அதைத் தடை செய்ய நீங்கள் யார் என்பது அவர் கேள்வியின் சாரம்.

1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பெரியப்பாவின் சிறுவயது அதற்குள் போனது. அவருக்கு அது போலீஸ் சேரிக்குள் வந்த காலமாகத்தான் நினைவிருக்கிறது. "ஊர்த்தெருவுல காய்ச்சினவன் வூட்டுக்குப் போவமாட்டான். நம்ம பானைய ஒடைப்பான்." அதன் பிறகு வந்த மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1971-ல் கலைஞர் அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973-ல் கள்ளுக்கடையும் 1974-ல் சாராயக்கடையும் மூடப்பட்டன. 1981-ல் மீண்டும் திறப்பு, 1983-ல் டாஸ்மாக் நிறுவனம், 1987-ல் கள், சாராயத்துக்கு மூடல். இடையில் கொஞ்ச காலம் மலிவு விலை மது. அது 1991-ல் நின்றது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2003-04-ல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த அரசின் மது வருமானம் 2023-24-ல் 45,000 கோடியைத் தாண்டியது. இத்தனைக்கும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. துறையின் பெயரும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைதான்.

குடிக்கிறவன் காசை எடுத்து அவனுக்கே நலத்திட்டம் போடுவதும் புதிதல்ல. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்களுக்காகவே கள்ளுக்கடைகள் நடத்தப்பட்டன. பால் வெட்டி வாங்கிய கூலி அன்றைக்கே கடைக்குத் திரும்பும். அதை எதிர்த்து இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கெடா மாநிலத்தில் தொழிலாளர்கள் தொண்டர் படை அமைத்தார்கள். 1947-ல் பீடோங் பக்கம் கள்ளுக்கடை மறியலில் போலீசோடு மோதல் ஆனது. அந்த மறியலைச் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. வெளியிலிருந்து வந்து 'குடிக்காதே' என்று உபதேசம் செய்தவர்கள் இல்லை. அந்த வரலாறு நம் பாடத்தில் எங்கும் இல்லை.

இப்போது மறைமலை நகருக்கு வருவோம். பெரியப்பாவிடம் டாஸ்மாக் பற்றிக் கேட்டால் நாம் எதிர்பார்க்காத பதில் வரும். "அதுல அந்தத் தொல்ல இல்ல. சீல் ஒடைக்காத பாட்டிலு. பிளாஸ்டிக் கப்பு." யோசித்துப் பார்த்தேன். ஒருவன் வாய் வைத்த டம்ளரை இன்னொருவன் தொட வேண்டிய அவசியத்தையே பிளாஸ்டிக் கப் இல்லாமல் செய்துவிட்டது. குடித்ததும் டம்ளரே குப்பைக்குப் போய்விடுகிறது. தீண்டாமை அப்படியே இருக்க, அதைக் காட்டும் பாத்திரம் மட்டும் காணாமல் போயிற்று. அந்தக் குப்பையை விடிகாலையில் வாருகிறவர் யார், பாரில் வாந்தியைக் கழுவுகிறவர் யார் என்று நான் வேலை செய்யும் தெருக்களில் கேட்டால் பதில் தெரிந்ததுதான்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. 2017 ஏப்ரலில் மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. பிறகு பல கடைகள் ஊருக்குள் இடம் தேடின. பெண்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். எங்கள் பக்கம் ஒரு கடை சேரிக்குப் போகும் வழியில் வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் பிள்ளைகள் அதைக் கடந்துதான் வீட்டுக்கு வருகிறார்கள். ஊர்த்தெருவில் ஏன் இடம் கிடைக்கவில்லை என்று மனு கொடுத்தபோது கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் நம் மாவட்டத்துப் பெருங்கரணையிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2024 ஜூனில் தலித்துகள் நிறைந்து வாழும் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கி 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. குவார்ட்டர் விலை கட்டுப்படியாகாதவன் பாக்கெட் வாங்கினான். அந்த அக்டோபரில் உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்குப் பின்னால் இந்தச் சாவுகள் நின்றன.

இதற்கெல்லாம் மாற்றாகக் கள்ளைக் கொண்டுவருகிறார்கள். கள் நம் பாரம்பரியம், மண்ணின் உணவு என்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலேயே கீற்று வேய்ந்து, மாட்டுவண்டிச் சக்கரம் மாட்டி, மண்குவளை வைத்துக் 'கிராமத்து' உணவகங்கள் வந்துவிட்டன. அனுமதி கிடைத்தால் நாளைக்கே மொந்தையும் வைப்பார்கள். 1987 தடை மரம் ஏறிகளின் வயிற்றில் அடித்தது, சீமைச் சரக்குக் கம்பெனிகளுக்கு வழி திறந்தது என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. கள்ளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மரம் யாருடையது, கடையை யார் ஏலம் எடுப்பார், அதில் நம் கூட்டுறவுச் சங்கத்துக்கு இடம் உண்டா, எந்தத் தெரு முனையில் கொட்டகை போடுவீர்கள் என்று கேட்டால் பாரம்பரியம் பேசுகிற தம்பிகளிடம் பதில் இல்லை. அவர்கள் நினைவில் இருக்கும் கள்ளுக்கடை கொட்டகையின் முன்பக்கம். பெரியப்பாவின் நினைவு பின்பக்கத்திலிருந்து வருகிறது.

வில்லியனூரில் அவர் ஒரு கிளாஸ்தான் குடித்தார். "இது தென்னங்கள்ளு. பனங்கள்ளு மாதிரி வராது" என்று முகம் சுளித்தார். காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். கொட்டகைக்கு வெளியே குழாயடியில் குனிந்து அந்தக் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தார். "விடுங்க ஐயா, பையன் எடுத்துப்பான்" என்று கடைக்காரர் சத்தம் கொடுத்தார். பெரியப்பா கழுவி முடித்து, பலகை ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வந்தார்.