பதிவேட்டில் முதலாம் இலக்கம்

ஆண்டுதோறும் மே 12 ஆம் திகதி உலகத் தாதியர் தினமாக நினைவுகூரப்படுகின்றது. அது 1820 ஆம் ஆண்டு புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். நான் பத்திரிகைகளில் பணியாற்றிய காலமெல்லாம், கையில் விளக்கேந்திய அவரது படத்தை அன்றைய தினம் பிரசுரிப்பதே வழமையாக இருந்தது. ஆனால், இன்று ஒருவர் தம்மைப் 'பதிவு பெற்ற தாதி' என்று சட்டப்படி சொல்லிக்கொள்ள முடிகின்றதென்றால், அதற்கு வழி சமைத்தவர் நைட்டிங்கேல் அல்லர். அந்த ஏற்பாட்டை அவர் உறுதியாக எதிர்த்தார் என்பதே வரலாறு.

அதற்காகப் போராடியவர் எதெல் பெட்போர்ட் பென்விக் என்னும் பெண்மணி. 1881 இல், தமது 24 ஆவது வயதில், லண்டன் புனித பார்த்தலோமியு வைத்தியசாலையின் தலைமைத் தாதியானவர். 1887 இல் ஒரு மருத்துவரை மணந்து பதவியை விட்டு விலகிய அவர், அதே ஆண்டில் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை நிறுவினார். அக்காலத்தில் எவரும் ஒரு சீருடையை அணிந்துகொண்டு தம்மைத் தாதி என்று கூறிக்கொள்ளலாம். நோயாளியின் வீட்டுக்கு வருபவர் மூன்று ஆண்டுகள் பயின்றவரா, மூன்று வாரங்கள் பயின்றவரா என்று அறிய வழியில்லை. ஆகவே மூன்று ஆண்டுப் பயிற்சி, பொதுவான பரீட்சை, அரசு ஏற்கும் பதிவேடு ஆகிய மூன்றையும் பென்விக் கோரினார்.

நைட்டிங்கேலின் மறுப்பு எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. நல்ல தாதியை உருவாக்குவது ஒழுக்கமும் அர்ப்பணிப்பும். அவற்றை எந்தப் பரீட்சையாலும் அளக்க முடியாது என்றார் அவர். பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பெயர், அவர் அன்று தேறினார் என்பதைக் காட்டுமேயன்றி, இன்றும் தகுதியுடன் இருக்கின்றார் என்பதைக் காட்டாது என்பதும் அவர் தரப்பு வாதம். பெரிய வைத்தியசாலைகள் சிலவற்றின் நிர்வாகங்களும் பதிவை எதிர்த்தன. அங்கே நியாயத்தைக் காட்டிலும் செலவு பற்றிய அச்சமே மேலோங்கியிருந்தது என்று கருத இடமுண்டு.

பிரித்தானியாவில் வாதம் நீண்டுகொண்டிருக்க, வெளியே காரியம் நடந்தது. தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் 1891 ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்திலேயே தாதியர் பதிவுக்கு இடமளிக்கப்பட்டது. தாதியருக்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடு நியூசிலாந்து. 1901 இல் நிறைவேறிய அச்சட்டத்தின் கீழ், 1902 ஜனவரி 10 ஆம் திகதி எலன் டோஹர்ட்டி என்பவர் முதலாவதாகப் பதிவு பெற்றார்.

லண்டன் பாராளுமன்றத்தில் சட்டமூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. நைட்டிங்கேல் 1910 இல் காலமானார். பின்னர் முதலாம் உலகப் போர் வந்தது. குறுகிய பயிற்சி மட்டுமே பெற்ற தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் போர்க்கால வைத்தியசாலைகளில் சேர்ந்தபோது, பயின்ற தாதிக்கும் ஏனையோருக்குமிடையே சட்டம் வேறுபாடு காட்டவில்லை என்பது அம்பலமாயிற்று. 1918 இல் முப்பது வயதைக் கடந்த பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டு டிசம்பரில் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1921 இல் திறக்கப்பட்ட பதிவேட்டில் முதலாம் இலக்கம் பென்விக்குக்கு உரியதாயிற்று. சங்கம் தொடங்கி முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்பதிவேட்டின் பொதுப் பகுதியில் ஆண்களுக்கு இடமிருக்கவில்லை; அவர்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1903 இல் வட கரோலினா மாநிலம் முதற் சட்டத்தை இயற்றியது. இங்கே வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆரம்பகாலச் சட்டங்கள் காத்தவை பட்டத்தையே, தொழிலையன்று. பதிவு பெறாதவர் 'பதிவு பெற்ற தாதி' என்று போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் கூலிக்குத் தாதி வேலை செய்யத் தடையில்லை. அனுமதிப்பத்திரமின்றித் தொழில் செய்வதையே தடுக்கும் சட்டத்தை 1938 இல் நியூயோர்க் முதன்முதலாக இயற்றியது. 'பதிவு', 'அனுமதி' என இரு சொற்கள் இன்றும் அருகருகே வழங்குவதன் காரணம் இதுவே.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பரீட்சைகள் 1944 முதல் பொதுவான வினாத் தொகுதியை நோக்கி நகர்ந்தன. 1982 இல் அதற்கு 'என்கிளெக்ஸ்' என்ற பெயர் வந்தது. 1994 முதல் அது கணினியில் நடைபெறுகின்றது. ஒரு வினாவுக்குச் சரியான விடை அளித்தால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். 2015 இல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் இப்பரீட்சையை ஏற்றுக்கொண்டன.

நம்மவர் கதை இங்கேதான் வந்து சேர்கின்றது. சென்னை மாகாணத்தில் 1926 இலேயே தாதியர், மருத்துவிச்சியருக்கான சட்டம் வந்துவிட்டது. இலங்கையில் தாதியர் பேரவைக்கான தனிச் சட்டம் 1988 இல்தான் இயற்றப்பட்டது. ஆனால் ஒரு நாட்டின் பதிவு மறுநாட்டின் வாசலோடு நின்றுவிடுகின்றது. போர்க்காலத்தில் வடக்கின் வைத்தியசாலையொன்றில் பதினான்கு ஆண்டுகள் சேவையாற்றிய தாதி ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் சந்தித்தேன். பகலில் முதியோர் இல்லமொன்றில் உதவியாளராக வேலை. இரவில் பரீட்சைக்கான படிப்பு. மருந்து தீர்ந்த விடுதிகளில் உயிர்களைக் காத்த அவருக்கு இது அநீதியல்லவா என்று கேட்டேன். "ஐயா, நான் தாதி எண்டது எனக்குத் தெரியும். இங்க கட்டிலில் கிடக்கிற கிழவிக்கு அது எப்பிடித் தெரியும்?" என்றார்.

பென்விக் முப்பத்து நான்கு ஆண்டுகள் வாதாடியது இந்தக் கேள்விக்காகவே. பதிவேடு தாதியின் பெருமைக்காக மட்டும் எழுதப்படுவதன்று. விசாரித்துப் பார்க்கும் நிலையில் இல்லாத நோயாளிக்காக எழுதப்படுவது. அதேவேளை, பதினான்கு ஆண்டு அனுபவத்தை நிறுத்துப் பார்க்கும் தராசு எந்தக் கணினியிலும் இல்லை என்பதும் உண்மை. நைட்டிங்கேல் சுட்டிய குறை அது.

நைட்டிங்கேலின் வாதம் முற்றாகத் தோற்றுவிடவுமில்லை. பிரித்தானியாவில் 2016 முதல், பதிவு பெற்ற தாதி ஒவ்வொருவரும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் தகுதியை மீள உறுதிப்படுத்த வேண்டும். அதற்கு 450 மணிநேரச் சேவையும் 35 மணிநேரத் தொடர்கல்வியும் தேவை. பழைய பெயர் மட்டும் போதாது என்று அவர் தரப்பு அன்று சொன்னதை, பென்விக் உருவாக்கிய பதிவேடே இன்று ஏற்றுக்கொண்டிருக்கின்றது. மே 12 இல் விளக்கேந்திய அம்மையாரின் படத்தைப் போடுவோர், பதிவேட்டின் முதலாம் இலக்கத்துக்கும் சிறிது இடம் ஒதுக்கினால் வரலாறு நிறைவு பெறும்.