காற்றுக்குக் காத்திருந்த கலங்கள்

ஆயர் ஈத்தாமிலிருந்து மலைரயில் ஏறிக் கொடிமலையின் உச்சியை அடைவோர், கீழே சார்ச் டவுன் நகரையும் அதற்கு அப்பால் ஒடுங்கிக் கிடக்கும் நீரிணையையும் ஒருங்கே காணலாம். வானம் தெளிந்திருக்கும் நாளில் வடக்கே கெடாவின் ஜெராய் மலை நீல நிறத்தில் எழுந்து நிற்கும். தெற்கே ஜெரஜாக் தீவு பச்சைப் போர்வை போர்த்துக் கிடக்கும். 1990ஆம் ஆண்டு முதல் நவம்பர் மாதந்தோறும் கிள்ளானிலிருந்து புறப்படும் பாய்க்கப்பல் போட்டி ஒன்று இக்கடல்வழியே நடைபெற்று வருகிறது. பங்கோர், பினாங்கு, லங்காவி என்று தீவுக்குத் தீவு தங்கிச் செல்வது அதன் முறை. பொருள்வளம் மிக்கோர் வேனிற்கடலில் பாய் விரித்து விடுமுறை கழிக்கும் இக்காட்சி கண்ணுக்கு இனியதே. ஆயினும் இதே நீரிணையில், இதே காற்றை நம்பி, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேறு சிலர் தீவுக்குத் தீவு தங்கிச் சென்றனர் என்பதையும், அவர்களுள் தமிழகக் கரையிலிருந்து வந்தோர் பலர் என்பதையும் இக்காலத்தார் நினைப்பதில்லை.

மலேசியத் தமிழர் இல்லங்களில் முன்னோர் வந்த வரலாற்றைக் கேட்டால் 'ரஜூலா' கப்பலின் பெயரே முதலில் வரும். 1926இல் கட்டப்பெற்று, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம் துறைகளுக்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைகளுக்கும் இடையே ஓடிய அந்நீராவிக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் பல்லாயிரவர். அவர்கள் பட்ட துன்பம் மெய். அந்நினைவும் போற்றத் தக்கதே. எனினும் வரலாற்றை அங்கிருந்து தொடங்கினால், தமிழன் இம்மண்ணுக்குப் பிறர் கப்பலில் ஏற்றி இறக்கப்பட்ட சரக்காக மட்டுமே வந்தான் என்ற எண்ணம் இளையோர் உள்ளத்தில் பதிந்துவிடும். அதற்கு முன்னர் தன் கலத்தைத் தானே செலுத்தி வந்த காலம் ஒன்று உண்டு. அது மிக நீண்ட காலம்.

அக்காலத்துக் கடற்செலவின் திறவுகோல் காற்று. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று பெயரிட்டனர் தமிழர். கடலோர மக்களோ கச்சான், சோழகம் என்று மேலும் சில பெயர்கள் வழங்கினர். காற்றுக்கு இத்துணைப் பெயர் வைப்பது புலவர் வேலை மட்டுமன்று. அதை நம்பிப் பிழைப்போரின் தேவையுமாகும். நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1,250 கடல்மைல். ஆண்டின் நடுவில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கலங்களைக் கிழக்கே தள்ளும். ஆண்டின் இறுதியில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று அவற்றை மேற்கே திருப்பி அனுப்பும். காற்று மாறும் வரை மாலுமிக்கு வேறு வழியில்லை. கரையில் காத்திருக்க வேண்டும்.

இக்காத்திருப்பு எத்துணை நெடியது என்பதற்குச் சீனர் எழுதிவைத்த குறிப்பொன்று சான்றாகிறது. முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீனத்தை அடைந்தது. தாயகத்தை விட்டு 1,150 நாட்களுக்குப் பின்னரே அவர்கள் குவாங்சௌ துறையில் கால்வைத்தனர் என்று சொங் அரச மரபின் வரலாறு கூறுகிறது. அதில் குறிக்கப்பட்டுள்ள ஓட்ட நாட்களைக் கூட்டிப் பார்த்தால் 247தான் வருகிறது. எஞ்சிய தொள்ளாயிரம் நாட்களும் துறைகளிலும் தீவுகளிலும் கழிந்தவை. தங்கிய இடங்களில் கலத்தைப் பழுது பார்த்திருப்பர், பாய் தைத்திருப்பர், நீர் நிரப்பியிருப்பர், அயலார் மொழியையும் ஓரளவு கற்றிருப்பர். கடல்மேல் ஓடிய நாட்களைவிடக் கரையில் இருந்த இந்நாட்களே வரலாற்றைப் படைத்தன என்று சொன்னாலும் தவறில்லை.

தமிழகத்திலிருந்து கிழக்கே வருவோர்க்கு வழியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் எதிர்ப்படுவது நிக்கோபார்த் தீவுக்கூட்டம். சோழர் கல்வெட்டு அதனை மாநக்கவாரம் என்று குறிக்கும். மணிமேகலைக் காப்பியத்தில், கலம் உடைந்து நக்கசாரணர் வாழும் நாகர் மலையில் கரையேறிய சாதுவன், அவர்கள் மொழியை அறிந்திருந்ததனால் உயிர் பிழைத்தான் என்ற கதை வருகிறது. அத்தீவு இதுவே எனச் சிலர் கருதுவர். அக்கருத்து எவ்வாறாயினும், அயலார் மொழி அறிந்த வணிகனே கடலில் பிழைப்பான் என்ற பட்டறிவு அக்கதையுள் பொதிந்துள்ளது.

அத்தீவைத் தெளிவாகக் கண்டு எழுதியவர் சீனத் துறவி இ-சிங். 671இல் குவாங்சௌவில் கப்பலேறிய அவர், ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்களும் மலாயுவில் இரண்டு திங்களும் தங்கினார். பின்னர்க் கெடாவுக்கு வந்து, ஆண்டின் இறுதித் திங்களில் மீண்டும் கலமேறி, வடக்கு நோக்கிப் பத்து நாட்களுக்கு மேல் ஓடி அத்தீவை அடைந்தார். கப்பலைக் கண்டதும் தீவு மக்கள் சிறு படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு விரைந்து வந்தனராம். அவர்கள் கேட்டது பொன்னன்று, இரும்பு! இரண்டு விரல் அளவுள்ள இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கொடுத்தனர். நெடுங்கடலில் குடிநீர் அருகிவரும் வேளையில் இளநீரின் மதிப்பை மாலுமி அறிவான். இரும்பு விளையாத தீவில் கத்தியின் மதிப்பைத் தீவினன் அறிவான். இரு சாராரும் நட்டமடையாத வணிகம் அது.

இ-சிங் தம் காலத்துத் துறவியான வூ-சிங் என்பவரின் செலவையும் குறித்துள்ளார். அத்துறவி குளிர்கால இறுதியில் கெடாவிலிருந்து மேற்கே ஓடி, முப்பது நாட்களில் நாகப்பட்டினத்தை அடைந்தார்; அங்கிருந்து இரண்டு நாட்களில் ஈழம் சேர்ந்தார். கெடாவும் நாகையும் ஒரே வழியின் இரு முனைகளாக ஏழாம் நூற்றாண்டிலேயே விளங்கின என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை. பட்டினப்பாலை கூறும் காழகத்துப் பொருளுக்கு, அது கடாரத்திலிருந்து வந்தது என நச்சினார்க்கினியர் உரை எழுதியதும் இங்கே எண்ணத் தக்கது.

கெடாவை நெருங்கும் மாலுமிக்கு முதலில் தோன்றுவது ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை கலங்கரை விளக்கம் இல்லாத காலத்தில் இயற்கை வைத்த விளக்காயிற்று. அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றின் கரையில் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. கருங்கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் அங்கே கிடைத்துள்ளன. காற்று மாறும் வரை தங்கிய வணிகர்க்குத் தொழ ஓரிடம் வேண்டியிருந்தது என்று கொள்வதே இயல்பு. பினாங்கிற்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் 1834இல் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படும் எழுத்தில், புத்தகுப்தன் என்னும் பெருநாவிகன் தன் கடற்செலவு இனிது முடிய வேண்டிக்கொண்டது அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் ஊர் இரத்தமிருத்திகை, தமிழன் அல்லன். ஆயினும் அக்கல்லில் உள்ள எழுத்து தென்னாட்டு வடிவினது. கடல்வழி எந்த ஒரு மொழியினர்க்கும் தனியுரிமையாக இருந்ததில்லை. இதனை மறந்து எழுதப்படும் பெருமைக் கதைகள் வரலாற்றுக்கு நன்மை செய்வதில்லை.

பிற துறைகளில் தமிழே கல்லில் எழுந்தது. இன்றைய தாய்லாந்தின் மேற்குக்கரையில் தக்குவாப்பாவில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, குளம் ஒன்றை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்த செய்தியைச் சொல்கிறது. சுமத்திராவின் மேற்குக்கரையில் பாருஸ் நகரருகே உள்ள 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் எனும் வணிகர் குழுவுக்குரியது. கலத்தில் வருவோர் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது வரையறுக்கிறது. குளம் வெட்டியதும் கட்டணம் வகுத்ததும் சிறு செய்திகளாகத் தோன்றலாம். வந்து போவோர் குளம் வெட்டுவதில்லை, தங்குவோரே வெட்டுவர்.

இவற்றிடையே 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம், ஸ்ரீவிஜயம் முதலிய பதின்மூன்று இடங்களைத் தாக்கிய செய்தி தஞ்சைக் கல்வெட்டில் வரிசையாகக் கூறப்படுகிறது. மேடைகளில் மிகுதியாகப் பேசப்படுவது இதுவே. அப்படையெடுப்பு நிகழ்ந்தது உண்மை. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்ப, சோழ மன்னனே அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்திருந்தான். படை வந்து சென்றது ஒரு பருவத்தில். வணிகர் அதற்கு முன்பும் வந்தனர், பின்பும் வந்தனர்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அவ்வழியைக் கையில் வைத்திருந்தோர் நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளைச் சார்ந்த தமிழ் முஸ்லிம் கப்பலோட்டிகள். சூலியர் என்று ஐரோப்பியர் அவர்களைக் குறித்தனர். சோழமண்டலக் கரைத் துணிகளைக் கெடாவுக்கும் அச்சேவுக்கும் கொண்டுவந்து, ஈயமும் யானையும் ஏற்றித் திரும்பினர். பாய்க்கப்பலில் யானை ஏற்றிச் செல்வது எளிய தொழிலன்று! 1786 ஆகஸ்ட் 11இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றியபோது கெடாவில் நெடுங்காலம் குடியிருந்த சூலியர் பலர் இத்தீவுக்குப் பெயர்ந்தனர். ஏறத்தாழ ஆயிரவர் இங்கே குடியமர்ந்துவிட்டனர் என்றும், ஆண்டுதோறும் சோழமண்டலக் கலங்கள் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருகின்றன என்றும், அவர்கள் சிறிது பொருள் ஈட்டித் திரும்ப வேறு சிலர் வருகின்றனர் என்றும் லைட் 1794இல் எழுதினார். காற்றோடு வந்து காற்றோடு திரும்பும் பழைய முறை அதுவரை மாறவில்லை. சூலியா வீதியும், 1801இல் தொடங்கப்பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் நாகூர் ஆண்டகையின் பெயரால் எழுந்த தர்காவும் அக்காலத்தின் எச்சங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு அடிகள் விழுந்தன. மான்செஸ்டர் ஆலைத்துணி சோழமண்டல நெசவைச் சாய்த்தது. நீராவிக் கப்பல் பாய்மரத்தைச் சாய்த்தது. நீராவிக்குக் காற்றும் வேண்டா, காத்திருப்பும் வேண்டா. நாகையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கு வந்தது. நிக்கோபாரில் யாரும் இறங்கவில்லை. கலத்துக்கு உரியவனாக வந்தவனின் பேரன் மேல்தளப் பயணியாக வந்தான். அவனுக்கும் வழியில் ஒரு தீவு இருந்தது, அதுவே ஜெரஜாக். தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தொழிலாளர்களை இறக்கி, நோய் இல்லை என்று உறுதிப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினர். பழைய மாலுமி தீவில் காத்திருந்தது காற்றுக்காக; இவன் காத்திருந்தது பிறர் தரும் இசைவுக்காக.

ரஜூலாவுக்குப் பின்வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பற்றியதோடு அக்கடல்வழிப் பயணமும் நின்றது. பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண்ணிட்ட பழஞ்சண்டி, 2013இல் நில மேம்பாட்டுப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்த பின்னரே அது அங்கே இருந்தது என்பதைப் பலர் அறிந்தனர். புத்தகுப்தனின் கல் கல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயர் ஈத்தாம் என்பதற்கு மலாய் மொழியில் கருநீர் என்று பொருள். அப்பெயர் கொண்ட ஆறு பினாங்கு ஆற்றோடு கலந்து, சூலியர் கலங்கள் நங்கூரமிட்ட அதே நீரிணையில் சென்று சேர்கிறது. நவம்பரில் வாடை தொடங்கியதும் அங்கே வெண்பாய்கள் விரிகின்றன.