கிட்டப்பாவுக்கு எத்தனை கட்டை? 78 தட்டுக்கு ஒரு டர்ன்டேபிள் தேடிய கதை

அடி அண்ணாமலை வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கிராமபோன் தட்டுகள் கிடைத்தன. எல்லாம் தாத்தா வாங்கியவை. பெட்டி எங்கும் செம்மண் தூசி, கரையான் அரித்த காகித உறைகள். தட்டுகள் மட்டும் பெரும்பாலும் தப்பித்திருந்தன. என்னிடம் எல்பி கேட்க ஒரு சாதாரண டர்ன்டேபிள் உண்டு. "இதுதான் சாக்கு, நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம்" என்று விலைப் பட்டியல்களில் இறங்கினேன். இறங்கிய இடத்தில் வேறொரு கேள்வி மாட்டிக்கொண்டது.

எஸ்.ஜி. கிட்டப்பாவின் சுருதி பற்றிய கேள்வி அது. பழைய நாடக ரசிகர்கள் அவர் எத்தனை கட்டையில் பாடினார் என்று சொல்லிச் சொல்லி வியப்பார்கள். மைக் இல்லாத மேடையில் கடைசி பெஞ்சுக்காரருக்கும் கேட்டாக வேண்டும் என்பதால், உச்ச ஸ்தாயி அன்று அலங்காரம் இல்லை, தொழிலுக்கே தேவை. கிட்டப்பா 1906ல் செங்கோட்டையில் பிறந்தவர். 1933 டிசம்பரில், 28 வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' 1931லேயே வந்துவிட்டாலும் அவர் படம் எதிலும் நடிக்கவில்லை. ஆக, அவர் குரலுக்கு இன்று நம்மிடம் இருக்கும் சாட்சி இசைத்தட்டுகள் மட்டும்தான். அந்தச் சாட்சி எந்த வேகத்தில் சுழல்கிறதோ, அந்த உயரத்தில்தான் பேசும்.

கணக்கு எளிது. தட்டு வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும், மெதுவாகச் சுற்றினால் இறங்கும். நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவான தட்டை 78ல் ஓட்டினால் ஏறக்குறைய அரைக் கட்டை கூடிவிடும். 80ல் பதிவானதை 78ல் ஓட்டினால் கிட்டத்தட்ட கால் கட்டை குறையும். பாடகர் அப்படியேதான் இருக்கிறார், நாம்தான் அவரை ஏற்றி இறக்குகிறோம்.

"78 தட்டு என்றால் 78தானே?" என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் 1902ல் கல்கத்தாவுக்கு வந்து பதிவு தொடங்கிய காலத்தில் மின் மோட்டார் கிடையாது. மெழுகுத் தகட்டைச் சுழற்றியது கீழிறங்கும் எடைக்கல். அதன் வேகம் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். லேபிளிலேயே 80 என்று அச்சிட்ட கொலம்பியா தட்டுகளும் உண்டு. மின் மோட்டார்கள் பரவிய பிறகுதான் 78 என்பது நிலைத்தது. அதிலும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் 78.26, 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 77.92.

இதனால்தான் சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். கேட்பவர் தன் காதால் சரிசெய்துகொள்வார். வேடிக்கை என்னவென்றால், நூறு வருடத்துக்கு முந்தைய பெட்டியில் இருந்த அந்தத் திருகு, லட்சக்கணக்கில் விலை சொல்லும் பல டர்ன்டேபிள்களில் இல்லை. நான் வருடக்கணக்காக ஆசைப்பட்ட ஸ்காட்லாந்து லின் எல்பி 12, எல்பி தட்டுக்கென்றே பிறந்தது. 78 அதன் உலகத்திலேயே இல்லை. ரேகா பிளேனர் 3ல் 33, 45 உண்டு, அவ்வளவுதான். டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 வரிசையில் வேகத்தை நகர்த்தும் பட்டை உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பரவிய மார்க் 2 மாடலில் 78 கிடையாது, பின்னாளில் வந்த சில மாடல்களில்தான் சேர்ந்தது. 1950களின் கர்ராட் 301, தோரன்ஸ் டிடி 124 இரண்டிலும் 78 இருக்கிறது, வேகத்தைக் கொஞ்சம் நகர்த்தவும் முடியும். 78 தட்டுகள் புழக்கத்தில் இருந்தபோது செய்த இயந்திரங்கள் அல்லவா!

கடைசியில் நான் வாங்கியது சுவிட்சர்லாந்தின் லென்கோ எல் 75, செகண்ட் ஹேண்ட். அதன் மோட்டார் தண்டு கூம்பு வடிவம். ரப்பர் சக்கரத்தை அந்தக் கூம்பில் முன்னும் பின்னும் நகர்த்தினால் இடைப்பட்ட எந்த வேகமும் கிடைக்கும். பணக்காரத் தோற்றம் இல்லை. ஆனால் எனக்கு வேண்டிய திருகு இருந்தது.

அடுத்த செலவு முள். எல்பி முள்ளின் நுனி ஆரம் சுமார் 25 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. 78 தட்டின் பள்ளத்துக்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். மாட்டுவண்டித் தடத்தில் சைக்கிளை விட்டால் அது கரையைத் தொடாமல் அடியில் கிடக்கும் கல்லிலும் சேற்றிலும் ஓடும் இல்லையா, எல்பி முள்ளும் அப்படித்தான், பாட்டை விட்டுவிட்டு அழுக்கைப் படிக்கும். 78க்கான கார்ட்ரிட்ஜைப் போட்டு, இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டினேன். முள் மேலும் கீழும் ஆடுவதால் வரும் சத்தம் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த இரண்டு மாற்றங்களில் கிடைத்த தெளிவு, டர்ன்டேபிளின் விலையை மூன்று மடங்கு ஆக்கினாலும் கிடைத்திருக்காது.

வேகத்தை அளக்க ஒரு காகித வட்டம் போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். 77 கோடு போட்ட வட்டம் அதன் கீழே அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் 77.92. 79 கோடு என்றால் ஏறக்குறைய 76. பத்து வரி நிரல் எழுதி எல்லா வட்டங்களையும் அச்சிட்டுக்கொண்டேன். ஒரே எச்சரிக்கை: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது அளக்காதீர்கள். இன்வெர்ட்டரின் 50 சரியான 50ஆக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் இது அடிக்கடி வரும் தொல்லை.

இப்போது பெட்டியிலிருந்த ஒரு தட்டு. நாடகப் பாட்டு, லேபிள் உரிந்துபோய்விட்டது, பாடியவர் பெயர் தெரியவில்லை. பக்கத்தில் ஆர்மோனியம் கேட்கிறது. அதுதான் பிடி. தம்புராவை எந்தச் சுருதிக்கும் கூட்டலாம், ஆர்மோனியக் கட்டைகள் செய்தபோதே நிலைத்தவை. ஆக, ஷட்ஜம் ஏதாவது ஒரு கட்டையில் வந்து உட்கார வேண்டும். சரியாக 78ல் ஓட்டினால் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் தொங்குகிறது. 76க்கு இறக்கினால் ஐந்தில் உட்காருகிறது. 80.5க்கு ஏற்றினால் ஐந்தரையில் உட்காருகிறது.

எது உண்மை? அந்த ஆர்மோனியமே இன்றைய சுருதி அளவுக்குக் கூட்டப்பட்டதா என்பதும் நிச்சயமில்லை. இரண்டு வேகத்திலும் கேட்டேன். 76ல் குரலில் ஒரு நிதானம், சொல் தெளிவு. 80.5ல் அந்தப் பிரமிக்க வைக்கும் உச்சம். எனக்குப் பிடித்தது 80.5தான். ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவே அதைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 'அந்தக் காலத்து ஆட்கள் ஆறு கட்டையில் பாடினார்கள்' என்ற பெருமைக் கதைகளில் எத்தனை, வேகம் கூட ஓடிய கிராமபோனிலிருந்து வந்தவையோ!

இதனால் கிட்டப்பாவின் புகழ் குறையாது. நேரில் கேட்ட ஒரு தலைமுறை அவருக்குச் சாட்சி. ஆனால் கணினியில் கிடைக்கும் ஒரு கோப்பைக் கேட்டுவிட்டு இன்ன கட்டை என்று அடித்துச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். அந்தக் கோப்பு எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்று பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. இப்போது என் கோப்புகளின் பெயரிலேயே வேகம், முள்ளின் அளவு, பதிந்த தேதி மூன்றும் இருக்கின்றன. பெயர் தெரியாத அந்தப் பாடகருக்கு மட்டும் இரண்டு கோப்புகள்: ஒன்று 76, இன்னொன்று 80.5.

உங்கள் வீட்டுப் பரணிலும் தட்டுகள் இருந்தால் என் யோசனை இதுதான். முதலில் சரியான முள், அடுத்து வேகத் திருகு. மிச்சம் பணம் இருந்தால் அழகான டர்ன்டேபிள். தட்டை ஓட்டும்போது பக்கத்தில் ஒரு பேனாவும் இருக்கட்டும்.