எழுவரின் உடல்கள்: தீப்ஸ் தொன்மமும் ஏதென்ஸின் அரசியலும்

போயோஷியாவின் முதன்மை நகர அரசான தீப்ஸைப் பற்றி இன்று நாம் அறிந்த கதைகளில் பெரும்பாலானவை, அந்நகரோடு ஓயாமல் பூசலிட்ட ஏதென்ஸின் நாடக அரங்கிலிருந்து வந்தவை. அண்டை நாட்டான் சொன்ன கதையை எந்த அளவுக்கு நம்பலாம்? தீப்ஸைத் தாக்கி மாண்ட எழுவரின் உடல்கள் என்னவாயின என்ற ஒரே கிளைக்கதையைப் பின்தொடர்ந்தாலே இதற்கு ஓரளவு விடை கிடைத்துவிடும்.

கதை சுருக்கமானது. தீப்ஸ் மன்னன் ஈடிபஸின் மகன்கள் அரியணைக்காக மோதுகிறார்கள். அவர்களில் நாடு கடத்தப்பட்ட பாலினீசஸ், ஆர்கோஸ் மன்னன் அட்ராஸ்டஸின் துணையோடு ஏழு வாயில் நகரான தீப்ஸின் மீது படையெடுத்துத் தோற்கிறான். தலைவர்களில் அட்ராஸ்டஸ் மட்டும் உயிர்தப்புகிறான்.

மிகப் பழைய குறிப்பு இலியட்டில் உள்ளது. எழுவரில் ஒருவனான டைடியஸ் தீப்ஸ் மண்ணில் புதைந்திருப்பதாக அவன் மகன் டயோமிடீஸ் சொல்கிறான். பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிண்டார் ஏழு சிதைகளைப் பாடுகிறார். அவையும் தீப்ஸிலேயே எரிகின்றன. பிண்டார் தீப்ஸ்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது. இவ்விரு சான்றுகளிலும் உடல்களைத் தர மறுத்த பேச்சு இல்லை; ஏதென்ஸின் தலையீடும் இல்லை.

ஏதென்ஸ்காரர்களின் கதையிலோ உடல்களைத் தர தீப்ஸ் மறுக்கிறது; அவற்றை மீட்பவன் அவர்களுடைய மன்னன் தீசியஸ். அடக்கம் நடப்பது அவர்களுடைய எலியூசிஸில். இதையே பொருளாகக் கொண்ட ஈஸ்கிலஸின் நாடகம் அழிந்துபோயிற்று. அதில் தீசியஸ் பேசி இணங்க வைத்தே உடல்களைப் பெற்றான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஹெரோடோட்டஸின் நூலில் தொனி மாறிவிடுகிறது. பொ.ஆ.மு. 479இல் பிளாட்டேயா போர்க்களத்தில் அணிவகுப்பில் யாருக்கு முதன்மை என்று தேகியாக்காரர்களோடு வழக்காடும் ஏதென்ஸ்காரர்கள், தாங்கள் தீப்ஸ் மீது படை நடத்தி உடல்களை மீட்டதைத் தகுதிச் சான்றாக முன்வைக்கிறார்கள். எதிரே பாரசீகரின் பக்கம் தீப்ஸ் நின்றிருந்த நாளில் இந்தக் கதை எடுபட்டிருக்கும். ஆயினும் ஹெரோடோட்டஸ் எழுதியது பல ஆண்டுகள் கழித்து. பேச்சின் சொற்களில் அவர் காலத்துச் சாயலும் கலந்திருக்கலாம்.

பொ.ஆ.மு. 424இல் தொன்மம் நிகழ்காலமாயிற்று. போயோஷியாவின் டெலியத்தில் அப்பல்லோ கோயிலை ஏதென்ஸ் படை கைப்பற்றி அரண் எழுப்பியது. தொடர்ந்த போரில் தளபதி ஹிப்போகிரட்டீஸ் உட்பட ஏறத்தாழ 1,000 ஏதென்ஸ் வீரர்கள் மாண்டனர். கோயிலைக் காலி செய்தால்தான் உடல்கள் என்று போயோஷியர் பிடிவாதம் பிடித்தனர். குடைந்த மரத்தண்டின் வழியே துருத்தியால் நெருப்பை ஊதி அரணை எரித்து, போர் முடிந்த 17ஆம் நாள் டெலியத்தை மீட்டார்கள். அதன் பிறகே உடல்கள் கைமாறின. தூசிடிடீஸ் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்.

யூரிப்பிடீஸின் 'இரந்து நிற்போர்' நாடகத்தைப் பெரும்பாலான அறிஞர்கள் இதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் வைக்கின்றனர். அதில் பேச்சு தோற்று, போர் மூள்கிறது. வென்ற தீசியஸ் நகருக்குள் நுழையாமல் நின்று, உடல்களுக்காக மட்டுமே வந்தேன் என்கிறான். அடிமைகள் செய்ய வேண்டிய வேலையைத் தானே ஏற்று, பிணங்களின் காயங்களைத் தன் கையால் கழுவுகிறான். பதினேழு நாள் காத்திருந்த ஊருக்கு இது என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

இந்தக் கதை அரசியலுக்கு எவ்வளவு வளைந்து கொடுத்தது என்பதற்கு ஐசாக்ரட்டீஸைவிட நல்ல சாட்சி கிடையாது. பொ.ஆ.மு. 380 அளவில் எழுதிய உரையில் ஏதென்ஸ் போரிட்டு உடல்களை மீட்டதாகப் பெருமை பேசினார். 339இல், தொண்ணூற்றேழு வயதில் முடித்த 'பானத்தினைக்கஸ்' உரையிலோ தூதர்கள் போனார்கள், தீப்ஸ் பண்போடு இணங்கியது என்கிறார். முன்பு மாற்றி எழுதியது தமக்குத் தெரியாததன்று என்று அவரே ஒப்புக்கொண்டு, இரண்டுமே அந்தந்த நேரத்துக்குப் பொருந்தியவை என்றும் வாதிடுகிறார். மாசிடோனியாவின் பிலிப்பு வலுத்துவந்த காலம் அது. அதே ஆண்டில் இரு நகரங்களும் கூட்டணி சேர்ந்தன. 338இல் கைரோனியாவில் ஒன்றாகவே தோற்றன. 335இல் அலெக்சாண்டர் தீப்ஸைத் தரைமட்டமாக்கினார்.

நகரம் பின்னர் மீண்டும் எழுந்தது. தீப்ஸின் மறுப்பும் பிழைத்துக்கிடந்தது. பொ.ஆ. 2ஆம் நூற்றாண்டில் எலியூசிஸ் அருகே எழுவரின் கல்லறைகளைக் குறிப்பிடும் பாசேனியாஸ், தீசியஸின் வெற்றியைச் சொன்ன கையோடு தீப்ஸ் தரப்பையும் சேர்க்கிறார்: உடல்களைத் தாங்களே மனமுவந்து கொடுத்தோம், போரே நடக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். டைடியஸின் கல்லறை என்று தீப்ஸ் மக்கள் காட்டிய மூன்று செதுக்காத கற்களையும் அவர் தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார்.