ஜானகி அம்மாளின் ஆய்வும் கொல்லிமலைச் சாமையும்

பயிர்களின் வரலாற்றை அவற்றின் உயிரணுக்களிலும் அவற்றை வளர்த்த மக்களின் வாழ்முறையிலும் ஒருசேரத் தேடியவர் தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாள் (1897–1984). தலச்சேரியில் பிறந்து சென்னையில் பயின்ற அவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்று, 1934 முதல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றி, கரும்பை மக்காச்சோளத்தோடும் காட்டுப் புற்களோடும் கலப்பினம் செய்து, பிறந்த கலப்புகளின் குரோமோசோம்களை, அதாவது மரபுப் பண்புகளைத் தாங்கும் உட்கரு இழைகளை, எண்ணி ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு, அந்த எண்ணிக்கைகளைக் கொண்டே பயிர்களின் உறவையும் தோற்றத்தையும் ஆராய வழிகாட்டியது.

1951இல் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையைச் சீரமைத்த அவர், 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், புவியின் முகத்தை மனிதர் மாற்றியதைப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கில், இந்தியாவின் வாழ்வாதார வேளாண்மையை, அதாவது விற்பனைக்கன்றி வீட்டு உணவுக்காகவே செய்யப்படும் வேளாண்மையை, எடுத்துரைத்தார். பயிர் மேம்பாட்டில் தேர்ந்த ஒருவரே பழங்குடியினரின் பயிரறிவுக்கு அந்த அவையில் இடம் தேடித் தந்தது அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய பணிகளுள் ஒன்று.

அந்தப் பார்வையின் தேவையை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை தெளிவாகக் காட்டுகிறது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் வளங்குன்றிய சரிவுகளில் மழையை மட்டும் நம்பிச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றைப் பயிரிட்டு, தானியத்தைத் தொம்பை என்னும் குதிரில் சேமித்துவந்தனர். சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்குத் தேவைப்பட்ட மரவள்ளி, கைக்குப் பணம் தந்ததால் அந்தச் சரிவுகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. எனினும் சந்தையை மட்டும் காரணமாகக் கூறுவது முழுமையாகாது. சாமையின் கடினமான உமியை நீக்கப் பெண்கள் உரலில் நெடுநேரம் குத்த வேண்டியிருந்த உழைப்பும் அதன் வீழ்ச்சிக்கு ஈடான காரணமாகும்.

சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் பணி தொடங்கியபோது, உள்ளூர் வகைகளின் விதைகளைக் காக்கும் சமூக விதை வங்கிகளோடு, உமி நீக்கும் இயந்திரங்களைப் பெண்கள் குழுக்களிடம் சேர்ப்பதையும் தன் வேலையாகக் கொண்டது.