மெதுவாக ஓடக் கற்றவர்

அயர்ன்மேன் என்னும் நெடுந்தொலைவு ட்ரையத்லானின் வரலாற்றைச் சொல்ல வருவோர் பெரும்பாலும் இரண்டு காட்சிகளில் நின்றுவிடுகின்றனர். ஒன்று, 1982 பிப்ரவரியில் ஹவாயின் கோனா நகரில் நிகழ்ந்தது. மகளிரில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ் என்னும் கல்லூரி மாணவி, முடிவுக்கோட்டின் அருகே கால்கள் துவண்டு விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி தம்மைக் கடந்து சென்ற பின்னர், தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். மற்றொன்று, 1989 அக்டோபரில் டேவ் ஸ்காட்டும் மார்க் ஆலனும் ஏறத்தாழ எட்டு மணி நேரம் அருகருகே போட்டியிட்ட 'இரும்புப் போர்'. இரண்டு காட்சிகளும் நம் மனத்தில் பதிப்பது ஒன்றையே: வலியைத் தாங்குபவரே வெல்வர். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஏழாண்டுகளை வாசித்தால் வேறொரு கதை புலப்படுகிறது.

இப்போட்டி பிறந்ததே ஒரு வாய்ச்சண்டையில்தான். நீச்சல்காரர், ஓட்டக்காரர், சைக்கிள்காரர் ஆகியோருள் உடல்வலு மிக்கவர் யார் என்று 1977இல் ஓவாஹு தீவில் ஒரு விவாதம் எழுந்தது. அங்கே ஏற்கெனவே நடந்துவந்த மூன்று போட்டிகளையும் ஒரே நாளில் கோத்துவிடலாம் என்றார் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் ஒரு முழு மாரத்தான். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடங்கள் பிடித்தன. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்தவர்கள் பீரைக் கொடுத்தார்கள் என்பது கொசுறுச் செய்தி. பயிற்சி எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்று கேட்கும் நிலையில் அன்று எவரும் இல்லை. முடிக்க இயலுமா என்பதே கேள்வியாக இருந்தது.

ஜூலி மாஸ் தவழ்ந்ததைத் தொலைக்காட்சியில் கண்டு இப்போட்டிக்குள் வந்தவர் மார்க் ஆலன். அதே 1982இன் அக்டோபர்ப் போட்டியில் அவரது சைக்கிளின் கியர் பழுதாயிற்று. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் அவரை வீழ்த்தியது பெரும்பாலும் உடலே. 1987இல் மாரத்தானில் முன்னிலை பெற்றிருந்தவர் பின்பாதியில் தளர்ந்து, உட்குருதிக் கசிவோடு மருத்துவமனை சேர்ந்தார். ஆறு முறை வென்ற டேவ் ஸ்காட்டும் இதற்கு விலக்கல்லர். முழங்கால் காயத்தால் 1988இல் போட்டிக்கு முன்பே விலகினார்.

ஆலனின் பயிற்சிமுறை 1980களின் நடுவிலேயே மாறத் தொடங்கியிருந்தது. பில் மாஃபடோன் என்பவர் அவரிடம் ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார்: 180இலிருந்து வயதைக் கழி, அடித்தளப் பயிற்சிக் காலத்தில் இதயத்துடிப்பு அவ்வெண்ணைத் தாண்டலாகாது. அடிக்கடி காயமோ சளியோ வருமானால் மேலும் ஐந்தைக் கழி. பெருநோயிலிருந்து எழுந்தவராயின் பத்து. காயத்துக்கு அபராதம் விதிக்கும் இந்தக் கணக்கு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆலனுக்கு வந்த எண் 155. மைலுக்கு ஐந்தரை நிமிடம் என்று பாய்ந்து பழகியவர், அவ்வெண்ணுக்குள் அடங்க எட்டு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உடன் ஓடியவர்கள் முன்னே செல்ல, தாம் பின்தங்கி ஓடுவது ஒரு வீரருக்கு எளிதன்று. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அதே 155 துடிப்பில் அவர் மைலை 5 நிமிடம் 20 விநாடியில் ஓடினார். வேகப் பயிற்சியை அவர் கைவிடவில்லை. ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டும் அதை ஒதுக்கினார்.

இது ஏன் பலித்தது? உடலின் உறுப்புகள் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். எலும்பின் இயல்போ இன்னும் விந்தையானது. பளு ஏறும்போது உடல் பழைய எலும்பை முதலில் அரித்து எடுக்கிறது. புதியதைப் பிறகுதான் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் எலும்பு முன்பைவிட மெலிந்திருக்கும். தெம்பு கூடிவிட்டது என்று மூச்சு சொல்வதைக் கேட்டு, கால் தயாராகும் முன்னரே தொலைவைக் கூட்டுபவருக்கு மயிரிழை முறிவு வருவது இந்த இடைவெளியில்தான். மெல்லோட்டம் இந்த இடைவெளிக்கு அவகாசம் கொடுக்கிறது.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 180 என்னும் எண் மாஃபடோனின் அனுபவத்தில் விளைந்தது. ஒரே வயதினரிடையே கூட உச்ச இதயத்துடிப்பு பெரிதும் மாறுபடுவதால், அது எல்லோருக்கும் பொருந்தும் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. பயிற்சியின் பெரும்பகுதி மெல்லியதாக இருக்க வேண்டும் என்னும் அடிப்படையை மட்டும், உலகத்தரத்து வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் போன்றோர் பின்னாளில் உறுதிப்படுத்தினர்.

1989இல் ஆலன் 8 மணி 9 நிமிடம் 15 விநாடியில் வென்றார். ஸ்காட் 58 விநாடிகள் பிந்தினார். அன்று ஆலன் மாரத்தானுக்கு எடுத்துக்கொண்ட 2 மணி 40 நிமிடம் 4 விநாடி என்பது 2016இல் பாட்ரிக் லாங்கே முறியடிக்கும்வரை கோனாவின் சாதனையாக நின்றது. 1993 வரை தொடர்ந்து ஐந்து முறை ஆலனே வென்றார்.

நம்மை மிகவும் கவர்வது அதற்கடுத்த ஆண்டு. 1994இல் ஆலன் கோனாவுக்கு வரவில்லை. ஐந்து பட்டங்களைத் தொடர்ந்து வென்றவர், 36 வயதில், ஒரு முழு ஆண்டை விட்டுக்கொடுத்தார். விளையாட்டு நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன; சொல்வதற்கு அதில் காட்சி ஏதுமில்லை அல்லவா? 1995இல் திரும்பி வந்தபோது, ஜெர்மனியின் தாமஸ் ஹெல்ரீகல் சைக்கிளில் 13 நிமிடங்களுக்கும் மேல் முந்திவிட்டிருந்தார். 37 வயது ஆலன் காலணிகளை மாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கி, மாரத்தானின் கடைசி மைல்களில் ஹெல்ரீகலை எட்டிப் பிடித்துக் கடந்தார். அது அவரது ஆறாவது கோனா வெற்றி. மறுபடியும் அவர் அங்கே போட்டியிடவில்லை.