பள்ளிக்கூடச் சாப்பாடு: ஆயிரம்விளக்கிலிருந்து நெல்பேட்டை வரை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்ட ஊர் மதுரை. 2022 செப்டம்பர் 15 அன்று, சிம்மக்கல் பகுதியில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன் நெல்பேட்டையில் அமைந்த பொதுச் சமையற்கூடத்தைப் பார்வையிட்டு, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு உணவு கொண்டுசெல்லும் வண்டிகளை அனுப்பிவைத்தார். அந்தக் காலைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம்விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வழங்க ஏற்பாடு செய்தார். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அங்கே படித்த பிள்ளைகள் ஏழைகள், அதனால் மாணவர் எண்ணிக்கை மிகவும் பாதிக்கப்படுகிறது என்று தியாகராயர் சொன்னார். உணவு வந்ததும் வருகை கூடியது. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடுவதைப் பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. 1925இல் அடுப்பு அணைந்தது. பிள்ளைகள் வந்தார்கள் என்பதற்குக் கண்ணெதிரே சான்று இருந்தும், கணக்குப் புத்தகம் காட்டி நிறுத்தப்பட்டது பெரிய இழப்பு.

அடுத்த முயற்சி தென்மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் பிறந்தது. விருதுநகர்க்காரரான காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பில், 1956இல் எட்டயபுரம் வட்டாரத்தில் மதிய உணவு தொடங்கியது. முதலில் அது ஊரார் திட்டம். அரிசியும் பருப்பும் விறகும் ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். பிறகு அரசு பங்கேற்றது: ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் ஆறு காசு அரசுடையது, நான்கு காசு ஊருடையது. 1961 முதல் அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு அனுப்பிய பால்பவுடர், எண்ணெய், மக்காச்சோள ரவை ஆகியவை பள்ளிக்கு வந்தன. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாகி, மஞ்சள் நிற உப்புமாவின் ருசியை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அளவிலேயே வேறு. அப்போது அவர் மதுரை மேற்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.  முதலில் கிராமத்துப் பிள்ளைகள், அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நகரத்துப் பிள்ளைகள், 1984இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்கள் எனத் திட்டம் விரிந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்ற வழக்கமும் அப்போது வந்ததுதான். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இந்த வேலையில் முன்னுரிமை தரப்பட்டது.

தொடக்க விழாக்களின் தேதிகளைத்தான் எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் உடலுக்கு அதிகம் செய்தது முட்டை. சோறும் சாம்பாரும் வயிற்றை நிரப்பும். வளரும் உடம்புக்கு வேண்டிய நல்ல புரதம் அதில் குறைவு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கருணாநிதி அரசு தொடங்கியது. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். நாமக்கல் கோழிப்பண்ணைகள் பெருகியிருந்ததால் இது கைகூடியது. 2013இல் ஜெயலலிதா அரசு தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், கொண்டைக்கடலை புலாவ், மசாலா முட்டை என்று கலவை சாதங்களைச் சோதனையாகக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்கப் பரப்பியது. தினமும் ஒரே சாம்பார் என்றால் பிள்ளைகள் பாதிச் சோற்றைக் கொட்டிவிடுவார்கள்; தட்டில் மிஞ்சும் சத்து யாருக்கும் உதவாது.

சத்துணவு மையங்களுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு ஆகியவற்றை நுகர்பொருள் வாணிபக் கழகம் அனுப்பும். காய்கறியை அமைப்பாளர் உள்ளூரில் வாங்க வேண்டும், அதுவும் பிள்ளைக்கு இவ்வளவு என்று வரையறுத்த சிறு தொகைக்குள். மதுரையில் காய் விலையைப் பெரிதும் தீர்மானிப்பவை மாட்டுத்தாவணிச் சந்தையும் பரவைச் சந்தையும். அங்கே தக்காளி விலை ஏறினால் பள்ளிச் சாம்பார் நீர்த்துப்போகும். காய்கறிக்கான தொகையைச் சந்தை விலையோடு சேர்த்து உயர்த்தாத வரை, எந்த உணவுப் பட்டியலும் காகிதத்தில் இருக்கும் அளவுக்குத் தட்டில் இருக்காது.

மதியச் சாப்பாடு இருந்தும் ஓர் ஓட்டை அடைபடாமலே இருந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் பெற்றோரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தார்கள். முற்பகல் பாடம் பசியில் போனது. 2022 மே 7 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் இதற்காகத்தான். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளும் 1,14,095 பிள்ளைகளும் சேர்ந்தனர். இவற்றில் 237 மலைப்பகுதிப் பள்ளிகள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகை, கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு என்பது அளவு. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியம் சேர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அவர்களுடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தன் பிள்ளைக்குச் சமைப்பவர் மற்றப் பிள்ளைகளுக்குக் குறைவைக்க மாட்டார் என்பதால் இது நல்ல விதி.

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் திட்டம் சென்றது. அடுத்த மாதமே எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி என்ற ஊரில், பட்டியலினப் பெண் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதாஜீவனும் அங்கே போய்ப் பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டார்கள். காமராசரின் மதிய உணவு தொடங்கிய அதே வட்டாரம் அது. பந்தியில் சமத்துவத்துக்கான போராட்டம் அறுபத்தேழு ஆண்டுக்குப் பிறகும் அங்கே தேவைப்பட்டது.

2024இல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு நீட்டிக்கப்பட்டது. இந்த நீட்டிப்புகள் எல்லாமே ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை கிடைக்கிறது. 2025 நீட்டிப்பிலும் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு ஏற்பாடாகவில்லை.